கரண்ட் போய் வந்தால் தாங்குமா? துளையிட்ட மீன் தொட்டிக்கு எந்த ஓவர்ஃப்ளோ

தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது பம்ப் இருக்கும் இன்னொரு சின்னத் தொட்டி, வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த கேள்வி மேலே இருக்கும் தண்ணீர் எந்த வழியில் கீழே இறங்க வேண்டும் என்பது. அந்த வழிக்குத்தான் ஓவர்ஃப்ளோ என்று பெயர். ஒரே குழாய் போதுமா, இரண்டா, மூன்றா? துளையை அடிக்கண்ணாடியில் போடுவதா, பின்கண்ணாடியிலா? வெளிநாட்டு வீடியோக்களில் பேச்செல்லாம் சத்தத்தைப் பற்றியே இருக்கும். சத்தமும் முக்கியம்தான். ஹாலில் இருக்கும் தொட்டி ராத்திரி முழுக்கக் கொப்பளித்துக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

ஆனால் வேலூரில் உட்கார்ந்து யோசித்தால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. கரண்ட் போகும், வரும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி லோடு ஏறி ராத்திரியில் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் பல மணி நேரம் சொல்லிவிட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் பம்ப் நின்று, கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கி, மறுபடி எல்லாம் கிளம்ப வேண்டும். நடுராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வரும்போது வால்வைத் திருக யாரும் எழுந்து வர மாட்டார்கள். ஆகவே என் அளவுகோல் இதுதான்: ஆள் இல்லாத வீட்டில் தானாக நின்று, தானாகக் கிளம்பி, தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல் பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்பு எது?

கணக்குப் போட ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 45, உயரம் 45. நான்கடி, ஒன்றரையடி என்று சொல்லி நம் பக்கம் கட்டுகிற சாதாரண அளவு. முழுக்க நிரப்பினால் 243 லிட்டர். மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே போகிறது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதிலிருந்துதான். கீழே 90 × 35 × 40 செ.மீ. சம்ப். பம்ப் மேலே கொண்டுவந்து கொட்டுவது மணிக்கு 2000 லிட்டர். பம்ப் பெட்டியில் அச்சடித்திருப்பது உயரமே ஏற்றாமல் அளந்த அளவு. நான்கடி ஏற்றினால் கணிசமாகக் குறைந்துவிடும், அதனால் வாங்கும்போதே கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் ஒற்றைக் குழாய். ரிச்சர்ட் டர்சோ என்பவர் பிரபலப்படுத்தியதால் டர்சோ என்றே பெயர். தொட்டிக்குள் தடுத்து ஒட்டிய, மேல்தண்ணீர் விளிம்பைத் தாண்டி வந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். தலையில் ஒரு டி, அதன் பக்கவாட்டில் கீழ்நோக்கிய எல்போ, உச்சி மூடியில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. தண்ணீரும் காற்றும் சேர்ந்தே இறங்கும். சைஃபன் (குழாய் முழுக்கக் காற்றின்றி நிரம்பித் தண்ணீரை இழுத்து இறக்குவது) பிடிக்கவேண்டிய அவசியமே இல்லாததால், கரண்ட் வந்த உடனே வருகிற தண்ணீரை அப்படியே இறக்கிவிடும். கிளம்பும் விஷயத்தில் இதைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அடைத்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலும், வாலிஸ்னேரியா இலை சுருண்டு மாட்டினாலும், பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், தண்ணீர் விளிம்பைத் தாண்டும். அதோடு, ஒரு இன்ச் டர்சோ சத்தமில்லாமல் இறக்குவது ஏறக்குறைய மணிக்கு 1200 லிட்டர்தான். நம் 2000 லிட்டருக்கு ஒன்றரை இன்ச் குழாய் வேண்டும். உச்சி ஓட்டையில் போர் தண்ணீரின் உப்புப் படிந்து சுருங்கினால், குழாய் திடீரென்று சைஃபன் பிடித்துப் பெட்டியைக் காலிசெய்து, உறிஞ்சி, விட்டு, மறுபடி நிரம்பி என்று ஆடத் தொடங்கும். தரைத்தளத்தில், மொசைக் தரையில், இரண்டடித் தொட்டிக்கு டர்சோ போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். மாடியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒற்றைத் துளை வேண்டவே வேண்டாம்.

இரண்டு குழாய் அமைப்புக்கு ஹெர்பி என்று பெயர். ஒரு குழாய் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், காற்று துளியும் போகாது, கீழே ஒரு கேட் வால்வு. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, பம்ப் அனுப்பும் அளவும் குழாய் இறக்கும் அளவும் ஒன்றாகும்படி வைத்தால் சத்தமே இருக்காது. இரண்டாவது குழாய் அதைவிட உயரத்தில் சும்மா நிற்கும். முதல் குழாய் அடைத்தால் அதன் வழியே இறங்கும். முழு சைஃபனில் ஒரு இன்ச் குழாயே மணிக்கு 3000 லிட்டருக்கு மேல் தாராளமாக இறக்கும், அதனால் பெரிய துளை தேவையில்லை. கரண்ட் வந்ததும் குழாயில் இருக்கும் காற்று வெளியேறும்வரை பெட்டியில் மட்டம் ஏறும், இரண்டாவது குழாய் கொஞ்ச நேரம் சத்தத்தோடு இறக்கும், பிறகு சைஃபன் பிடித்து அடங்கும். சரியாகக் கட்டினால் இதுவும் தானாகக் கிளம்பும்.

இதன் தொல்லை மெதுவாக வருவது. இன்று சரியாகத் திருகி வைத்த வால்வு இரண்டு மாதத்தில் சரியாக இருக்காது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் அழுக்குச் சேர்ந்து வரத்து குறையும், மட்டம் குழாயின் வாய்வரை இறங்கி அது காற்றை உறிஞ்சத் தொடங்கும். வால்வுக்குள் படிவு சேர்ந்தால் நேர்மாறாக மட்டம் ஏறி, இரண்டாவது குழாயில் எப்போதும் கொஞ்சம் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படிக் கொட்டுவது ஆபத்தில்லை, ஆனால் காப்புக் குழாய் அன்றாட வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வால்வை அவ்வப்போது தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு ஹெர்பி நல்ல அமைப்பு.

மூன்று குழாய் அமைப்பான பீன் அனிமல் இந்தத் தொல்லையைத்தான் தீர்க்கிறது. முதல் குழாய் ஹெர்பியில் உள்ளதுபோலவே வால்வோடு கூடிய முழு சைஃபன். இரண்டாவது, டர்சோ மாதிரி காற்றோடு இறங்கும் திறந்த குழாய், ஆனால் அதில் மிகக் குறைந்த அளவே ஓடும்படி வைப்போம். குழாயின் உட்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இறங்குவதால் சத்தம் வராது. பம்ப் வரத்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஏற்ற இறக்கத்தை இது வாங்கிக்கொள்ளும், வால்வைத் தொட வேண்டாம். மூன்றாவது, வறண்டே நிற்கும் காப்புக் குழாய்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டாவது குழாயின் காற்றுக்குழல். ஏர் பம்ப்புக்குப் போடுவோமே, அந்த மெல்லிய டியூப். அதன் ஒரு முனை திறந்த குழாயின் உச்சி மூடியில் இருக்கும். மறுமுனையைப் பெட்டிக்குள், வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலேயும் காப்புக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழேயும் தொங்கவிட வேண்டும். சைஃபன் குழாய் அடைத்தால் மட்டம் ஏறி அந்த முனையை மூடும். காற்று நின்றதும் திறந்த குழாயே முழு சைஃபனாக மாறி மொத்தத் தண்ணீரையும் இறக்கத் தொடங்கும். சென்சார் இல்லை, மோட்டார் இல்லை, தண்ணீரின் மட்டமே முடிவு செய்கிறது. கரண்ட் வந்து கிளம்பும்போதும் இதேதான் நடக்கும்: மட்டம் ஏறும், இரண்டாவது குழாய் கைகொடுக்கும், முதல் குழாயில் காற்று வெளியேறி சைஃபன் பிடிக்கும், மட்டம் இறங்கும், இரண்டாவது பழையபடி மெல்லிய ஓட்டத்துக்குத் திரும்பும். நான்கடியும் அதற்கு மேலும் உள்ள தொட்டிக்கு நான் சொல்வது இதைத்தான். கூடுதல் செலவு ஒரு துளையும், துளையில் குழாயை மாட்டும் ஒரு டேங்க் நிப்பிளும், கொஞ்சம் குழாயும்.

ஹெர்பியோ பீன் அனிமலோ, சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2 செ.மீ. அளவே மூழ்கியிருக்க வேண்டும். சத்தம் வரக்கூடாது என்று அரையடி இறக்கிவிடுகிறார்கள். அப்படி வைத்தால், கரண்ட் போய் வரும்போது குழாயில் புகுந்த காற்று அந்த ஆழத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். சைஃபன் பிடிக்காது, காப்புக் குழாய் விடியும்வரை இரைந்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் சம்ப் மட்டம் ஏறி அந்த முனை இன்னும் ஆழத்துக்குப் போகும் என்பதால், ஓடும்போது இருக்கும் ஆழத்தைக் குறைவாக வைப்பது இன்னும் அவசியம்.

அடுத்து பெட்டி. மூலையில் ஒரு சின்னப் பெட்டியா, பின்சுவர் முழுநீளத்துக்கும் ஒரு பெட்டியா? காவேரிப்பாக்கம் ஏரி கோடி போகும்போது பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கலங்கல் எவ்வளவு நீளமோ அவ்வளவு மெல்லிசாகத் தண்ணீர் வழியும். நம் 2000 லிட்டர், 30 செ.மீ. நீள விளிம்பில் வழிந்தால் தண்ணீர் ஏறக்குறைய 10 மி.மீ. உயரம் நிற்கும். 110 செ.மீ. விளிம்பில் வழிந்தால் 4 மி.மீ.தான். மேல்மட்டத்தில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் மெல்லிய வழிதலில்தான் சுத்தமாக இழுபடும். பம்ப் நின்றபின் விளிம்புவரை இறங்கும் தண்ணீரும் சின்னப் பெட்டியில் 5 லிட்டருக்கு மேல், நீளப் பெட்டியில் 2 லிட்டர் சொச்சம். விளிம்பில் சீப்புப் பல் வெட்டினால் வழியும் நீளம் பாதியாகிவிடும் என்பதால், நீளப் பெட்டியில் பல்லுக்குப் பதில் மேலே வலை மூடி போடுவது மேல்.

அடியில் துளையா, பின்னால் துளையா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, பின்னால்தான். பின்கண்ணாடியில் மேலே போட்ட துளை கசிந்தால், அந்தத் துளையின் மட்டம்வரைதான் தண்ணீர் போகும். அடித்துளையில் வாஷர் கெட்டால் பெட்டித் தண்ணீர் முழுக்க இறங்கும், பெட்டியின் சிலிகானும் சேர்ந்து விட்டிருந்தால் தொட்டியே காலி. பின்துளைக்குக் கொடுக்கும் விலை இடம். எல்போ, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) எல்லாம் சேர்ந்து சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கேட்கும். ஸ்டாண்ட் அடிக்கும் வெல்டரிடம் இதை முன்பே சொல்ல வேண்டும்.

இனி குழாய்க் கடை. இங்கேதான் நல்ல திட்டம் எல்லாம் கெட்டுப்போகிறது. கடையில் போய் ஒரு இன்ச் பைப் கேட்டால், அனுபவமுள்ள கடைக்காரர் உடனே திருப்பிக் கேட்பார்: "எந்த ஒரு இன்ச்சு தம்பி? விவசாயப் பைப்பா, பிளம்பிங் பைப்பா, சிபிவிசியா?" மூன்றுக்கும் பெயர் ஒரு இன்ச்சுதான், மூன்றும் ஒன்றோடொன்று சேராது. விவசாயத்துக்குப் போடும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ. பிளம்பிங்குக்கு வரும் ஷெட்யூல் 40 யுபிவிசியில் 33.4 மி.மீ. சிபிவிசியில் 28.6 மி.மீ. 32-ஐ 33.4-க்கான எல்போவில் சொருகினால் ஆடும், சொல்யூஷனைத் தடவி நிரப்பிவிடலாம் என்று பார்த்தால் கொஞ்ச நாளில் சொட்டும். உள்விட்டமும் மாறுகிறது: யுபிவிசியில் 26 மி.மீ. சொச்சம், சிபிவிசியில் 23 மி.மீ. அளவு. பரப்பில் கால்வாசி போய்விடுகிறது. ஆகவே குழாய், எல்போ, டி, யூனியன், டேங்க் நிப்பிள் எல்லாமே ஒரே வகை, ஒரே கடை, ஒரே நாள். நான் யுபிவிசி பக்கம். உள்விட்டம் பெரிது, எல்லாப் பொருத்துகளும் கிடைக்கும்.

டேங்க் நிப்பிள் மாடித் தண்ணீர் டேங்குக்குப் போடுவதுதான். பிளாஸ்டிக் டேங்க் சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. அதனால் உதடு தட்டையாகவும் அகலமாகவும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். தண்ணீர் இருக்கும் பக்கம், உதட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெத்தென்ற ரப்பர் வாஷர். நட்டைக் கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் துளையிலிருந்து விரிசல் ஓடும். ஒரே இன்ச் நிப்பிளிலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மறையின் வெளிவிட்டம் மாறுவதால், நிப்பிளைக் கையில் வாங்கிய பிறகுதான் துளை அளவைச் சொல்ல வேண்டும்.

வால்வு விஷயத்தில் நம் ஊர் ஹார்டுவேர் கடைகள் கொஞ்சம் கையை விரிக்கும். பிவிசி பால் வால்வு எங்கும் கிடைக்கும், ஆனால் கால் திருப்பில் முழுக்கத் திறந்து மூடுவதால் நுணுக்கமாக வைக்க வராது. கேட் வால்வு கேட்டால் பித்தளையை எடுத்துப் போடுவார்கள். பித்தளையில் செம்பு உண்டு. இறால், நத்தை வளர்ப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, கடல்மீன் தொட்டிக்கும் ஆகாது. பிவிசி கேட் வால்வு இங்கே கிடைக்காவிட்டால், காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய் கொளத்தூர் மீன் சந்தைப் பக்கம் தேடுவது அலைச்சல்தான், ஆனாலும் செய்யலாம். சைஃபன் குழாய்க்கு அது ஒன்று போதும். வால்வின் இரு பக்கமும் யூனியன் வையுங்கள், கழற்றிக் கழுவ வேண்டிவரும். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினநீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போன விஷயம். அந்தத் தண்ணீர் கோடையில் ஆவியாக ஆவியாக, மேலே ஊற்றும் ஒவ்வொரு குடத்தின் உப்பும் தொட்டியிலேயே தங்கும். வெள்ளைப் படிவு முதலில் சேருவது வழிதல் விளிம்பிலும் காற்றுக்குழல் முனையிலும் வால்வுக்குள்ளும்தான். ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஊற்றுவது ஆர்ஓ தண்ணீராக இருந்தால் இந்தப் பாடு பாதி குறையும்.

மேலே போகும் ரிட்டர்ன் குழாயைப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். பம்ப் நின்றதும் அது திரும்பி சைஃபனாகித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். அதன் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை இழுக்கும். வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 16 லிட்டர். முழுநீளப் பெட்டிக்குள் தேங்கியிருந்து இறங்குவது 9 லிட்டர், குழாய்களில் இருப்பது 2 லிட்டர் என்று சேர்த்தால் 27 லிட்டர். நம் சம்பில் 1 செ.மீ. என்பது 3.15 லிட்டர், ஆக மட்டம் எட்டரை செ.மீ. ஏறும். தாங்கும். அதே வாயை 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 65 லிட்டர், சம்பில் இருபது செ.மீ.க்கு மேல் ஏற்றம். 40 செ.மீ. சம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்திருந்தால் ஹால் நனையும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் என்ஆர்வி வால்வு போட்டுவிட்டேன், திரும்பாது என்பார்கள். மணல் துகளோ உப்புப் பொருக்கோ நாக்கில் ஒட்டினால் அது மூடாது. என்ஆர்வி இருக்கட்டும், கணக்கு அது இல்லாததாகவே இருக்கட்டும். வாய் மேல்மட்டத்துக்கு அருகிலேயே இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

எதிர்க்கணக்கும் ஒன்று உண்டு. இறங்கும் குழாய் எல்லாமே அடைத்துவிட்டது, பம்ப் மட்டும் ஓடுகிறது என்றால்? சம்பில் பம்ப் இருக்கும் அறையில் உள்ள தண்ணீர் மட்டுமே மேலே போக முடியும். அந்த அறை 25 × 35 செ.மீ., தண்ணீர் உயரம் 20 என்றால் 17.5 லிட்டர். தொட்டியில் அது 3.2 செ.மீ. ஏற்றம். ஓடும் மட்டத்துக்கு மேல் 4 செ.மீ. கண்ணாடி இருந்தால் மூன்று குழாயும் ஒரேயடியாக அடைத்தாலும் தரை நனையாது. பம்ப் அறையைச் சின்னதாக வைப்பதன் முழுப் பயன் இதுதான். ஆனால் கோடையில் ஆவியாகும் தண்ணீரெல்லாம் இந்த அறையிலேயே குறைந்து தெரியும் என்பதால், வேலூர் வெயிலில் ரொம்பச் சின்னதாக வைத்தால் பம்ப் காற்றில் ஓடும். அந்த இரண்டுக்கும் நடுவில் அளவு பிடிக்க வேண்டும்.

துளையைக் கட்டிய தொட்டியில் போடுவதைவிட, தொட்டி ஒட்டும் முன்பே தனிக் கண்ணாடியில் போடச் சொல்வது நல்லது. கண்ணாடிக் கதவுக்குத் துளை போடும் கடைக்காரர்களிடம் டைமண்ட் பிட் இருக்கும். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவு கண்ணாடி மிஞ்ச வேண்டும். சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடியில் பிட் பட்டாலே முழுப் பலகையும் தூளாகிவிடும், அதனால் சாதாரண ஃப்ளோட் கண்ணாடி என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாடகை வீட்டு மாடியில் இருப்பவர், வருடத்துக்கொருமுறை வீடு மாறுபவர் இதில் எதற்கும் போக வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்களுக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் போதும்: தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர், மூடிய சுற்று, வழிவதற்கு இடமே இல்லை. கரண்ட் நீண்ட நேரம் போனால் மட்டும் உள்ளே இருக்கும் தண்ணீர் கெடும், கழுவிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். துளை போடாமல் விளிம்பில் மாட்டும் ஓவர்ஃப்ளோ பெட்டியும் விற்கிறது. அதில் சைஃபன் அறுந்தால் தானாகப் பிடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கரண்ட் போய் வரும் ஊரில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சொந்த வீடு, மூன்றடித் தொட்டி என்றால் ஹெர்பி, காப்புக் குழாயை ஒரு அளவு பெரிதாகப் போட்டு. நான்கடிக்கு பீன் அனிமல், முழுநீளப் பெட்டி, பின்துளை.

சொல்யூஷன் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மணலும் செடியும் போடும் முன் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, மறுபடி போட்டு, வால்வைத் தொடாமலே அடங்குகிறதா என்று பாருங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு சைஃபன் குழாயின் வாயைக் கையால் பொத்துங்கள், இரண்டாவது குழாய் பிடித்துக்கொள்ள வேண்டும். அதையும் பொத்தினால் மூன்றாவது தாங்க வேண்டும். கடைசியாக மூன்றையும் அடைத்துப் பம்ப் அறை வற்றும்வரை ஓடவிடுங்கள். எல்லாம் சரியாக வந்தால், சம்பின் வெளிக்கண்ணாடியில் மார்க்கரால் ஓடும்போதுள்ள மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, பம்ப் ஓடாத நேரத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். நாம் ஊரில் இல்லாத நாளில் ஊற்றப்போவது அம்மாவோ தம்பியோதான்.